சின்ன சிலிண்டர்

கிணற்றில் விழுந்த மோட்டாரைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். கூட இறங்க ஆள் கிடையாது. அதனால் எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருக்கிறேன். கத்தி இரண்டு, விளக்கு இரண்டு, பெரிய சிலிண்டருக்குத் துணையாக இடுப்போரம் ஒரு சின்ன சிலிண்டர். பெரியது மக்கர் செய்தால் சின்னதன் குழாயை வாயில் வைத்துக்கொண்டு மேலே வந்துவிடலாம். "சீர்வரிசை மாதிரி எல்லாம் ரெண்டு ரெண்டா கீதே" என்று திருத்தணி டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். முட்டப்போவது அவர்கள் மூச்சா என்ன?

இத்தனை இருந்தும் பயம் போனதில்லை. என் மனைவிக்கு அதைவிடப் பயம். தனியாக அனுப்பமாட்டேன் என்று வண்டியில் ஏறிக்கொள்வாள். நான் மேலே வரும்வரை தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தபடி கிணற்றடியில் உட்கார்ந்திருப்பாள்.

போன மழைக்குப் பிறகு கே.ஜி.கண்டிகையில் ஒரு கிணறு. கயிறு அறுந்து மோட்டார் உள்ளே போய்விட்டது. இரண்டு சிலிண்டரின் காற்றுத் திருகையும் திறந்து, இரண்டிலும் மூச்சு இழுத்துப் பார்த்தேன். அதற்குள் கிணற்றுக்காரர் மோட்டார் விழுந்த இடத்தைக் காட்டக் கூப்பிட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டேன். மனைவி திருத்தணி மலை இருக்கும் பக்கம் கும்பிட்டாள். இறங்கினேன்.

அடியில் ஒரே சேறு. கண் திறந்திருந்தும் பயனில்லை. மோட்டாரைத் தடவிக் கண்டுபிடித்துக் கயிறு கட்டி முடிக்கும்போது வாயில் காற்றோடு தண்ணீரும் வந்தது. சேறு அடைத்துவிட்டது. பதறாதே, இதற்குத்தானே சின்னது என்று எனக்கே சொல்லிக்கொண்டு மாற்றினேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. உறிஞ்சிப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

செத்தேன் என்றுதான் நினைத்தேன். கை தானாக இடுப்புக்குப் போயிற்று. திருகு மூடியிருந்தது; முதலில் வந்தது குழாயில் மிச்சமிருந்த காற்று. திருப்பினேன். காற்று வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு மெதுவாக மேலே ஏறும்போது, யார் மூடியது என்ற கேள்வியைத் தவிர மண்டையில் வேறொன்றும் இல்லை.

"இன்னாங்க, இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள் மனைவி.

"தண்ணி ஜில்லுனு கீது."

என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "நல்லவேளை நான் பாத்தேன். பெருசு நீங்க மூச்சு வுட வேணும், சரி; சின்ன சிலிண்டரும் தொறந்துகினு இருந்துச்சு. வீட்டுல கேஸை மூட மறக்கிறாப்ல இதையும் மறந்துட்டீங்க. காத்து வீணாப் போயிடுமேன்னு நான்தான் மூடி வெச்சேன்."

திட்ட வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அதில் இருந்தது.

"ஆங், நல்லதாப் போச்சு" என்றேன்.

இப்போதெல்லாம் கிணற்றுப் படியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சின்னதில் நாலு மூச்சு இழுத்துப் பார்த்த பிறகே முங்குகிறேன். நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய்க் கிணற்றடிக்கே வரமாட்டாள். மற்றதெல்லாம் என்னிடம் இரண்டு இருக்கிறது. மேலே உட்கார்ந்து குமிழி பார்க்க அவள் ஒருத்திதான்.