யொலாண்டாவின் இடமுறுக்கு நூல்

என் அண்ணன் ஃபோர்த்துனாத்தோ கஸ்கோ நகரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் யொலாண்டா. அங்கே முடிவெட்டும் கடையில் வேலை பார்த்தவள். எங்கள் மலைக்கு வந்த புதிதில் கம்பளிக்கு வளர்க்கும் அல்பாக்காவுக்கும் சுமை தூக்கும் லாமாவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! அந்த வாய்க்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. எங்களிடம் பிறந்த பிள்ளையைத் தோளிலிருந்து பாதம்வரை தாய் நெய்த பட்டையால் இறுகச் சுற்றுவோம். அவளுக்கோ நெய்யத் தெரியாது. நான் நெய்த பட்டையில் சுற்றித்தான் அதைப் புதைத்தோம். மண் மூடும்வரை அவள் அந்தப் பட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி உண்டானதும் என்னிடம் வந்தாள்.

"சபீனா, இதுக்கு நானே நெய்யணும். நூலும் நானே நூக்கணும்."

"சந்தையில கலர் கலரா விக்குதே அண்ணி."

"பிள்ளையும் சந்தையிலதான் விக்குதா?"

தக்ளியைக் கையில் கொடுத்தேன். முதலில் புழு புழுவாக நூற்றாள். அல்பாக்கா மேய்க்கப் போனாலும் தக்ளி, உருளைக்கிழங்கு வேகும்போதும் தக்ளி. நூல் மெலிந்து, பார்க்க லட்சணமாக வந்தது. ஒரு கூடை சேர்ந்த பிறகுதான் ஒரு இழையை உருட்டிப் பார்த்தேன். திக்கென்றது.

"அடிப்பாவி! பீச்சாங்கையாலயா சுத்துன? மொத்தமும் இடமுறுக்கு!"

"எனக்கு எல்லாத்துக்கும் அந்தக் கைதான். எந்தப் பக்கம் சுத்துனா என்ன, நூல் நூல்தானே?"

நூல் நூல்தான், ஆனால் துணிக்கு நாங்கள் வலப்பக்கம்தான் முறுக்குவோம். இடமுறுக்கு கெட்டதை விரட்டுவதற்கு. நோயாளியின் மணிக்கட்டில் ஓர் இழை, கர்ப்பிணியின் கணுக்காலில் ஓர் இழை. கெட்டது அதில் ஏறியதும் அறுத்து ஆற்றில் விட்டுவிடுவோம். அதை யாராவது பிள்ளைக்குச் சுற்றுவார்களா?

வலக்கையால் நூற்றுப் பார்த்தாள். அறுந்து அறுந்து விழுந்தது. நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு நிக்காசியா வந்து, "வேண்டாத வேலை, தூக்கிப் போடு" என்றாள்.

யொலாண்டா தன் கணுக்காலில் நாங்கள் கட்டியிருந்த இழையைக் காட்டினாள்.

"இத்துனூண்டு கட்டுனாலே கெட்டது ஓடிருமாம். பிள்ளைக்கு உடம்பு பூரா சுத்துனா கிட்ட வருமா? சொல்லேன் பாப்போம்."

நிக்காசியா கோக்கா இலையை மென்றபடி எழுந்து போனாள். நான் நெடுக்கு இழைகளை ஒரு முளையில் மாட்டிக் கொடுத்தேன். மறுமுனையை இடுப்பில் கட்டி, வயிறு இடிக்கிறதென்று ஒருக்களித்து உட்கார்ந்து நெய்தாள். பட்டையின் ஓரம் சுருண்டது. "அம்மாக்காரி சுருட்டைமுடி மாதிரியே இருக்கு" என்றேன். சிரித்தாள்.

பட்டை முடிவதற்குள் வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. வீடே அதிரும்படி வீறிட்டது. நெய்தவரைக்கும் தறியிலிருந்து அறுத்தெடுத்துச் சுற்றினேன். முழங்காலோடு தீர்ந்துபோனது. கீழே இரண்டு காலும் வெளியே.

"பிள்ளைக்குக் குளுருது அண்ணி. காலுக்கு மட்டும் என்னோட பட்டைய சுத்தட்டுமா?"

"வேணாம் சபீனா." அவள் கண்ணை அந்தக் கால்களிலிருந்து எடுக்கவேயில்லை. "உதைக்கிறா பாரு. கொஞ்ச நேரம் உதைக்கட்டும்."

அந்தப் பாதங்களை என் உள்ளங்கைகளில் பொத்திக்கொண்டேன். என்னையும் உதைத்தாள்.