சவுக்குத்தோப்பு வளைவும் பிலோமினாவும்

முதலியார்பேட்டை மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இருந்த பிலோமினா காலமாகிவிட்டார் என்று அலுவலக நண்பர் சொன்னார். இரங்கல் கூட்டத்தில் எங்கள் பழைய மேலதிகாரி பேசப்போவதாகவும் சொன்னார். துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. கூட்டத்துக்கு நான் போகவில்லை. அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிலோமினாவோடு பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சாலைப் பிரிவில் அவரும் நானும் பொறியாளர்கள், ஒரே அறை. என் வரைபடத்தைக் கடைநிலை ஊழியர்கள் முன்னாலேயே குப்பை என்பார். கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நான் சிரிச்சா வண்டி பள்ளத்துல விழாம நின்னுடுமா சார்?" என்றார். அதன்பிறகு பல நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மீன்காரப் பெண்களை ஏற்றி வந்த வேன் ஒன்று, சவுக்குத்தோப்பு வளைவில் இரும்புத் தடுப்பைச் சாய்த்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். ஓட்டுநர் வேகமாக வந்தார் என்று சொல்லி விஷயத்தை முடிக்கப் பார்த்தார் மேலதிகாரி. வேகமாக வருகிறவனுக்காகத்தானே வளைவில் தடுப்பு வைக்கிறோம் என்று பிலோமினா சண்டை பிடித்தார்.

ஆய்வுக்குப் போன அன்று தடுப்பு போட்ட ஒப்பந்ததாரரும் இறந்தவர்களின் உறவினர்களும் வந்திருந்தார்கள். வேன் மோதாத இடத்தில் நேராக நின்ற ஒரு தடுப்புக் கம்பத்தைக் காட்டி, சங்கிலி கட்டி இழுக்கச் சொன்னார் பிலோமினா. ஜேசிபி லேசாக அசைந்ததுமே கம்பம் பிடுங்கிக்கொண்டு வந்தது. மண்ணுக்குள் முழங்கால் ஆழம்கூட அது இறங்கியிருக்கவில்லை.

"மேடம், அரசாங்க சொத்த ஒடைக்கிறீங்க" என்று மேலதிகாரி பல்லைக் கடித்தார்.

"நான் ஒடைக்கல சார். நீங்க நட்ட லட்சணத்த எடுத்துக் காட்டறேன்" என்றார் பிலோமினா, உறவினர்கள் காதில் விழும்படி.

அந்த வாரமே அவரைக் கட்டடப் பராமரிப்புக்குத் தூக்கியடித்தார்கள். ஆனால் மீன்காரப் பெண்கள் விடவில்லை. பிடுங்கிய கம்பத்தைச் சாலைக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒப்பந்ததாரர் வளைவு முழுவதும் ஆழமாகத் தோண்டிக் கம்பங்களை மறுபடி நட்டார். பிலோமினா லீவு போட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு குழியிலும் அளவுகோலை விட்டுப் பார்த்தார். அவரைத் தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பஸ் அங்கே வழுக்கி, தடுப்பை உரசிக்கொண்டே போய் நின்றது. உள்ளே இருந்தவர்கள் தாங்களே இறங்கி நடந்தார்கள். பிலோமினாவுக்குப் போன் செய்து சொன்னேன். மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார்.

"பஸ் நின்னது சரி. தடுப்பு ஆரம்பிக்கிற முனைய பாத்தீங்களா? எதிர்ல வர்றவன் நெஞ்சுக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்குது. காரு மோதினா கதவ கிழிச்சிக்கிட்டு உள்ள போயிடும். வெளிப்பக்கமா வளைச்சி மேட்டுக்குள்ள பொதைக்கச் சொல்லுங்க."

சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். அவர் போய்ச் சேரும்வரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பிலோமினாவைப் பற்றி என்னிடம் இனிமையான நினைவு ஒன்றுகூட இல்லை. மிச்சமிருப்பது அவருடைய கோபம் மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகிறேன். அந்த முனையைப் புதைக்கும்வரை அது என்னிடமே இருக்கும்.