ஐந்தாம் பிரிவில் ஒரு ‘பாப்பம்’

என் மகளுக்கு நேட்டோ வேண்டுமாம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மூன்று நிமிடப் பேச்சு. மற்றப் பிள்ளைகள் பனிக்கரடி, பொங்கல் என்று எடுத்திருக்க, பத்து வயது ஆரணி மட்டும் ‘நேட்டோ எப்படித் தொடங்கியது’ என்று பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். யாரோ கனடாவைப் பிடிக்கப்போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கதைத்தார்களாம்.

“அப்பிடி நடந்தா எங்களுக்கு உதவிக்கு ஆர் வருவினம் எண்டு எனக்குத் தெரியோணும்.”

பத்து வயதில் கேட்கிற கேள்வியா இது? வீட்டில் செய்தியை அதிகம் போடுகிறேனோ? குண்டுச் சத்தத்துக்குப் பயந்து இங்கே ஓடிவந்தவர்களின் மகள் நான். அந்தப் பயம் என்னூடாக இவளுக்கும் இறங்கிவிட்டதோ...

பயம் வந்தால் நான் வாசிப்பேன். நாங்கள் இருக்கும் மோர்னிங்சைட்டிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு நாள் வாசித்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் ஐரோப்பா இடிந்து கிடக்கிறது. கிழக்கே சோவியத் படை வீடு திரும்பவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிக்கிறார்கள். மேற்கு பேர்லினுக்குப் போகும் தரைப்பாதைகளை சோவியத் மூடுகிறது. அடுத்தது யார்? 1949 ஏப்ரலில் பன்னிரண்டு நாடுகள் வொஷிங்டனில் கூடி நேட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. படையே இல்லாத ஐஸ்லாந்தும் அதில் ஒன்று. கனடா சும்மா பின்வரிசையில் நிற்கவில்லை. முதல் இரகசியப் பேச்சிலேயே அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் உட்கார்ந்திருக்கிறது. வாசித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமை.

ஒப்பந்தத்தின் உயிர் ஐந்தாம் பிரிவு. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாக எடுத்துக்கொள்வோம் — இதைச் சொன்னதும் ஆரணியின் முகம் தெளிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் எதையும் அரைகுறையாகச் செய்ய வராதே... மிச்சத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உதவிக்கு வரும் ஒவ்வொரு நாடும் ‘தேவை என்று தான் கருதும் நடவடிக்கையை’ எடுக்கும். போருக்குப் போவதா என்பதைத் தாங்களே முடிவுசெய்ய வேண்டும் என்று அமெரிக்க செனட்டர்கள் பிடிவாதமாக நின்றதால் வந்த சொற்கள் அவை என்றும் விளக்கினேன்.

ஆரணி பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அது பாப்பம் தானே, அம்மா?”

“என்ன?”

“நீங்கள் சொல்லுற பாப்பம். சிநேகிதி வீட்டில ஸ்லீப்ஓவர் கேட்டா பாப்பம். நாய்க்குட்டி கேட்டா பாப்பம். தட் மீன்ஸ் நோ.”

பார்ப்போம் என்பதைத்தான் எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்வோம். இல்லை என்று சொல்ல மனம் வராவிட்டாலும் பாப்பம். ஓம் என்று சொல்லப் பயமாக இருந்தாலும் பாப்பம். சில நேரம் அது உண்மையாகவே ஓம்தான் என்று சமாளித்தேன். அவள் விடவில்லை.

“மிதுலாவின்ர அம்மாக்கும் அப்பிடித்தானே சொன்னனீங்கள்.”

மிதுலா எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி வாசுகி அக்காவின் மகள். ஆறு வயது. அக்காவும் நானும் ஒரு உடன்பாடு வைத்திருந்தோம் — ஒருவருக்கு வேலை நீண்டால் மற்றவர் இருவரின் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது. போன வாரம் அவர் வேலையிடத்திலிருந்து ஃபோன் எடுத்து, இன்றைக்கு மிதுலாவைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். ஆரணியை மத்தியானமே தகப்பன் பல் டொக்டரிடம் கூட்டிப்போயிருந்தார். எனக்கோ மீட்டிங். ‘பாப்பம் அக்கா’ என்றேன். நான் சொன்னது, கஷ்டம், வேறு ஆளைப் பாருங்கோ. அவருக்குக் கேட்டது, ஓம்.

மிதுலா முக்கால் மணித்தியாலம் பள்ளிக்கூட ஓஃபீஸில், கோட்டும் தொப்பியும் போட்டபடியே இருந்தாளாம். வியர்க்குது, கழற்று என்றார்களாம். ‘அன்ரி இப்ப வந்திடுவா’ என்றாளாம்.

அதன்பிறகு லிஃப்டில் என்னைக் கண்டால் வாசுகி அக்கா ஃபோனைப் பார்க்கிறார். பிழை என்னுடையதா? நான் ஓம் என்று சொல்லவே இல்லையே? ஒரு வாரமாக எனக்குள் வழக்காடினேன். ஒவ்வொரு முறையும் நானே வென்றேன். மிதுலா கழற்றாத அந்தக் கோட்டை நினைத்தால் மட்டும் வென்றது மாதிரி இல்லை.

ஆரணி அப்படிக் கேட்டதற்கு மறுநாள் பின்னேரம் நாலாம் மாடிக்கு ஏறினேன். கதவைத் தட்டுவதா, திரும்புவதா என்று இரண்டு முறை யோசித்துத்தான் தட்டினேன். வாசுகி அக்கா கதவை முழுதாகத் திறக்கவில்லை.

“அக்கா, பிழை என்னில. இனி ஏலாதெண்டா ஏலாதெண்டே சொல்லுறன். உங்களுக்கு செவ்வாய்க்கிழமை லேட் ஷிஃப்ட் தானே. நான் போய் மிதுலாவைக் கூட்டிவாறன்.”

அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

“எனக்குச் சொல்லி என்ன? அங்க இருந்தது அவள். அவளுக்குச் சொல்லும்.”

உள்ளே மிதுலா நிலத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தினேன். வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அன்ரி கட்டாயம் வருவன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் நிமிரவில்லை. நிறப் பென்சிலை மாற்றினாள்.

“எத்தினை மணிக்கு?”

பன்னிரண்டு நாடுகள் கையெழுத்துப் போட்ட மேசையில், இப்படிக் கேட்க ஆறு வயதில் ஒருத்தி இருந்திருக்க வேண்டும்.