நான் மாற்றி எழுதிய பிளேட் கணக்கு

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். டிசைன் போட்டிக்கு நானும் ஸ்ரீராம்புரத்துச் செல்வமும் ஒரே அணி. ஆல்கஹாலைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் டவர் ஒன்றை வடிவமைக்க வேண்டும்.

செல்வமோ தினமும் லைப்ரரியில் எதிரணி மேஜையில் உட்கார்ந்து கன்னடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஒருநாள் நான் நெருங்கியபோது நோட்டை டப்பென்று மூடினான். எங்கள் டிசைனைக் காட்டிக்கொடுக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பொறி வைத்தேன். டவருக்குள் தட்டுத்தட்டாக அடுக்கும் பிளேட் முப்பத்திரண்டு வேண்டும் என்பது என் கணக்கு. அவனிடம் கொடுத்த தாளில் மட்டும் இருபத்துநான்கு என்று எழுதினேன். எதிரணியின் வரைபடத்திலும் இருபத்துநான்கு வந்தால் ஆள் மாட்டினான்.

மூன்றாம் நாள் அவனே தேடி வந்தான்.

"மச்சி, பிளேட் கணக்கு இடிக்குதுடா. முப்பத்திரண்டு வருது. நான்தான் தப்பா போடறேன்னு மூணு வாட்டி போட்டுப் பாத்தேன்."

"அவனுங்க மேஜைல உனக்கு என்னடா வேலை?"

"டேட்டா புக்கு ஒரே காப்பி, அவனுங்ககிட்டதான இருக்கு? நைசா பேசி வாங்கிப் பாக்கறேன். எவனாவது பக்கத்துல வந்தா, யாருன்னுகூடப் பாக்காம நோட்ட மூடிடுவேன். சரி, நீ எப்படிடா தப்பு பண்ண?"

"கை தவறிடுச்சுடா" என்றேன்.

தன் கணக்கை மூன்று முறை சந்தேகித்தவன், என்னை ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை.

எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. இன்றும் வீட்டுக்கு வந்தால், என் தப்பைப் பிடித்த கதையை என் மனைவியிடம் பெருமையாகச் சொல்வான். நான் காபி கொண்டுவர எழுந்து போய்விடுவேன்.