கல்மேல் நின்ற ஜீப்புக்கு ஒரு பின் ஆக்ஸில்

எஞ்சினியரிங் முடித்து வேலைக்குக் காத்திருந்த மழைக்காலம் அது. பெங்களூர் அடுகோடியில் எங்கள் வீட்டு வாசலில் என் ஜீப் பின்பக்கத்தைக் கல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. பின் ஆக்ஸில் முறிந்திருந்தது. தண்டு மட்டும் போயிருந்தால் அதை மாற்றிவிடலாம். முறிந்த வேகத்தில் அது உள்ளிருந்த பல்சக்கரங்களை நொறுக்கி, கூட்டையும் வளைத்துவிட்டது. பழைய ஆக்ஸில் ஒன்றை முழுதாக வாங்கினால்தான் உண்டு.

நிதானமாகச் செய்யலாம் என்று யார் சொன்னாலும் எனக்குக் காதில் ஏறாது. ஆனால் இந்த முறை அவசரம் நிஜமாகவே வந்தது. ஜீப் நின்ற இடத்தில்தான் சந்துப் பையன்கள் வருடாவருடம் பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போட்டுக் கணேசாவை உட்காரவைப்பார்கள். பந்தல் கமிட்டித் தலைவன் என்னோடு படித்தவன். வந்து ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சா, வெள்ளிக்கிழமை காலைல கம்பம் நடுறோம். அதுக்குள்ள இது நகரணும்."

நகராவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"கணேசாவை இறக்க கிரேன் வருது. இறக்கிட்டு உன்னுதை ஏத்திக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். முந்தின வருடம் இப்படி நகராத ஒரு காரைத் தூக்கி மைதானத்து ஓரம் வைத்தார்கள். பண்டிகை முடிவதற்குள் அதில் கதவும் இல்லை, இன்ஜினும் இல்லை. என் ஜீப்பை அங்கே வைத்தால் அது எனக்கு இனி இல்லை என்று தெரிந்தது.

சிவாஜி நகரில் பழைய வண்டிகளைப் பிரித்துப் போடும் குஜரிக் கடைகளுக்கு ஓடினேன். ஓடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். முறிந்த ஆக்ஸிலைத் திறந்து, நொறுங்கிய பல்சக்கரங்களின் துண்டுகளைச் சேர்த்துப் பல்லை எண்ணி மனதில் வைத்துக்கொண்டேன். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஃபோர் வீல் வண்டியில் இது முக்கியம். முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே கணக்கில் சுற்றவேண்டும். இல்லையென்றால் ஒன்று இழுக்கும்போது மற்றது தடுக்கும்; கடைசியில் ஏதாவது ஒன்று முறியும். இதைப் படித்திருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அதே பல்கணக்கில் ஒரு பின் ஆக்ஸில் கிடைத்தது. கடைக்கார பாய் அதைத் தனியாகக் கொடுக்க யோசித்தார்.

"ஜோடியா எடு தம்பி. முன்னுதும் பின்னுதும் ஒரே வண்டில இறக்குனது. பிரிக்காதே, பாவம்."

"என் முன் ஆக்ஸில் நல்லா இருக்கு பாய்."

"யார் சொன்னது?"

"நான்தான்."

"அப்ப சரி," என்று எடுத்துக் கொடுத்தார்.

சந்து முனையில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி மாட்ட வந்தார். ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு பிடித்திருந்த போல்ட்டுகள் துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்புதான் எனக்கு ஆகாது. குனிந்தேன், நிமிர்ந்தேன், எதையாவது எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஸ்பேனர் கேட்டா குடு சாமி. கேக்காம குடுக்காத," என்றார் மேஸ்திரி.

வியாழன் மதியம் மாட்டி முடித்தோம். சந்தோஷத்தில் ஒரு சோதனையும் வைத்தேன். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, இரண்டின் உச்சியிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஃபோர் வீலைப் போட்டேன். மேஸ்திரி பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். முன்சக்கரமும் கூடவே சுற்றியது. பின்சக்கரத்துக் கோடு உச்சிக்கு வந்தபோது முன்சக்கரத்துக் கோடு உச்சியைத் தாண்டிப் போயிருந்தது. அவர் அதிகமாகச் சுற்றிவிட்டார் என்று நினைத்து நானே சுற்றினேன். மறுபடியும் தாண்டியது.

ஜீப்பை எனக்கு விற்றவர் அத்திபெலே பக்கத்துக் கல்குவாரிக்காரர். எப்போதோ முன் ஆக்ஸில் போய், கையில் கிடைத்த வேறு வண்டியுடையதைப் போட்டிருக்கிறார். ஃபோர் வீலை அவர் தொட்டதே இல்லை, அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பாறையைக் கண்டால் போடுவேன். பின் ஆக்ஸில் முறிந்தது அதனால்தான். முறிந்ததை அளவாக வைத்து, அச்சு அசலாக அதே தப்பை நான் தேடி வாங்கி மாட்டியிருந்தேன்.

முன்பக்கம் போகிற ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டு, ஊரில் பாதி ஜீப் அப்படித்தான் ஓடுகிறது என்றார் மேஸ்திரி. உண்மைதான். வண்டி நகர்ந்துவிடும், கிரேனும் தேவையில்லை. ஆனால் மலை ஏறாத ஜீப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மூங்கில் வேறு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கியை உள்ளே போட்டு, மேஸ்திரியையும் ஏற்றிக்கொண்டு, பின்சக்கர ஓட்டத்திலேயே நேராகக் குஜரிக்கு விட்டேன்.

ஜோடியின் மற்றதை முந்தின நாளே யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அப்புறம் சட்டென்று உறைத்தது. முன்னதை ஏன் மாற்றவேண்டும்? முன்னதற்குப் பொருந்துகிற பின்னது போதுமே. கடையில் பின் ஆக்ஸில் குவியலாகக் கிடந்தது.

"இப்பதான் மாட்டுனதை இப்பவே கழட்டுறியா?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

"கல்யாணம் பண்ணிடாதே தம்பி."

குவியலில் நான் புகுந்து ஒவ்வொன்றாகத் திறந்து பல் எண்ணினேன். இந்த முறை என் முன் ஆக்ஸிலையும் திறந்து எண்ணினேன். பொருந்தியது ஒன்று அடியில் கிடந்தது. கடை வாசலிலேயே மேஸ்திரி கழற்றி மாட்டினார். மதியம் போட்ட போல்ட்டுகள் புதியவை என்பதால் அடம்பிடிக்கவில்லை. பாய் மாலைத் தொழுகை முடிந்து திரும்பியபோது ஜீப் நான்கு காலில் நின்றது.

வீட்டுக்கு வந்தால் சந்தின் வாயிலேயே மூங்கில் குறுக்கே கிடந்தது. என் ஜீப் நின்ற இடத்தில் குழி தோண்டி, கம்பமும் நட்டுவிட்டார்கள்.

"நாளைக்குன்னு சொன்னியே?"

"நீ திரும்பி வந்துடுவியோன்னு பயம் மச்சா," என்றான் தலைவன். "கணேசா போற வரைக்கும் வேற எடம் பாத்துக்க."

மேஸ்திரி இறங்கி வீட்டுக்குப் போனார். ரிவர்ஸ் எடுத்து ஓசூர் ரோட்டில் திரும்பினேன். எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டேதான் ஓட்டினேன். பொம்மசந்திராவுக்கு முன்னால் சாலையோரம் யாரோ கொட்டி வைத்த செம்மண் மேடு, மழையில் ஊறிக் கிடந்தது. ஃபோர் வீலைப் போட்டு மெதுவாக ஏற்றினேன். பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மறுபுறம் இறங்கி, மண்ணில் படுத்து அடியில் பார்த்தேன். எண்ணெய் ஒழுகவில்லை. எழுந்து, சட்டையைத் தட்டாமலேயே ஏறி, மறுபடி அந்த மேட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.