சத்தம் நிற்காத அரை மணி

நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். போலாரத்தில் வீடு. ஏழு வயது மகள் ஷீபா கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். தினம் அரை மணி பழகணும் என்று டீச்சர் சொன்னார். எனக்குப் பாட்டு தெரியாது. அவளை அறையில் உட்காரவைத்து, வெளியே தாழ் போட்டுக் காத்திருப்பேன். சத்தம் நின்றால் அதட்டுவேன்.

அன்று, "நக்கோ டாடி, இன்னைக்கு வேணாம், தலை வலிக்குது" என்றாள்.

"கீபோர்டைப் பார்த்தாலே உனக்குத் தலைவலி வந்துடுமே" என்று சொல்லித் தாழ் போட்டேன்.

உள்ளே அருமையாக வாசித்தாள். ஒரு தப்பும் இல்லை. அரை மணியும் பெருமையாகக் கேட்டேன்.

கதவைத் திறந்தால், பிள்ளை தரையில் கிடக்கிறாள். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. கீபோர்டு தானாகப் பாடிக்கொண்டிருந்தது. அதில் அப்படி ஒரு பட்டன் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். மூன்று நாள் கழித்துத்தான் கண் திறந்து பேசினாள்.

"ஏம்மா என்னைக் கூப்பிடல?"

"சத்தம் நின்னா திட்டுவீங்க டாடி. அதான் பட்டனை அமுக்கிட்டுப் படுத்தேன்."

தாழைக் கழற்றிப் போட்டுவிட்டேன். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் விரலைப் பார்க்கிறேன். அவள் தப்பாக வாசித்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.