சத்தத்துக்குத் துள்ளிய கால்

எங்கள் அண்ணனுக்கு உடம்பைப் பற்றிய பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பள்ளி வேன் ஓட்டுகிறார். தும்மினால்கூட யாருக்கும் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொள்ளும் ரகம். நோய் இல்லாதவர்களின் கால் நரம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் அளந்துகொண்டிருந்தோம். ஆள் பற்றாக்குறை. "எங்கண்ணன் இருக்காரே, இரும்பு!" என்று டாக்டரிடம் பீற்றிக்கொண்டு அவரை இழுத்து வந்தவள் நான்தான். முடியாது என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். வீம்பு விடுமா?

வலியில்லாத சோதனைதான். பாதத்தில் ஒட்டுப்பட்டைகள், முழங்காலுக்குப் பின்னால் காந்தச் சுருள். பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும், பாதம் தானாகத் துள்ளும், திரையில் கோடு எழும். முன்னால் படுத்தவரின் பாதம் துள்ளியதை அண்ணன் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முறை வந்தது. டக். பாதம் துள்ளியது. ஆனால் திரையில் கோடு வரவேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. ரொம்பத் தாமதமாக ஏதோ ஒரு கிறுக்கல். சுருளை நகர்த்தினேன், பட்டையை மாற்றி ஒட்டினேன். அதே கதை. "சனியன் பிடிச்ச மெஷின்!" என்று திட்டினேன்.

டாக்டர் என் கையிலிருந்து சுருளை வாங்கினார். காலை விட்டுத் தள்ளி, வெறும் காற்றில் பிடித்து அழுத்தினார். டக்.

பாதம் துள்ளியது.

அடுத்துக் காத்திருந்தவர் களுக்கென்று சிரித்துவிட்டார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "என்னண்ணே இது, சின்னப்புள்ள மாதிரி!" என்று எரிந்து விழுந்தேன்.

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "காலு மரத்துப்போச்சும்மா. ரொம்ப நாளாச்சு. உன் மானம் போயிடுமேன்னு நானே ஆட்டினேன்."

"அப்ப பிரேக்கு?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"கால் அது மேல இருக்கான்னு குனிஞ்சு பாத்துக்குவேன்."

என் மகளும் அந்த வேனில்தான் போகிறாள். கோபம் அவர்மேலா, இரும்பு என்று பீற்றிய என்மேலா, சொல்லத் தெரியவில்லை.

"ஸ்கூலுக்கு நீயே பேசும்மா, எனக்கு வாய் வராது" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். டிரைவருடைய தங்கை என்று சொன்னதுமே பள்ளி மேலாளர் தொடங்கிவிட்டார்: "உங்கண்ணன் ஓட்டறாருன்னுதான் நாங்க நிம்மதியா இருக்கோம்."

அண்ணன் போனைப் பிடுங்கினார். "அப்படிச் சொல்லாதீங்க சார். சாயங்காலம் பிள்ளைங்கள வேற யாரையாவது கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. என் காலு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல."